ஏரி மதகும் கிணற்று மோட்டாரும்: சிற்றூர்ப் பள்ளியில் அடிப்படை அறிவியலை விளக்கும் முறை



உத்திரமேரூர் வட்டத்துப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயில்வோர்க்கு அழுத்தம், பருவகாலம், மின்னோட்டம், ஒளிச்சேர்க்கை முதலிய அடிப்படைக் கருத்துகளை எவ்வாறு எளிமையாக விளக்குவது என்பதே இச்சொற்பொழிவுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள். எளிமை என்றவுடன் சிறு வாக்கியமும் வண்ணப்படமும் கதையும் பாட்டும் பெரும்பாலோர் நினைவுக்கு வருகின்றன. அவற்றைப் பயனற்றவை என்று தள்ளுவதற்கில்லை. எனினும், மாணவர் தம் ஊரில் நாள்தோறும் கண்டு, அதற்குத் தாமே ஒரு காரணமும் கற்பித்துக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியை முதலில் எடுத்து, அக்காரணத்தை அவர் வாயாலேயே சொல்லவைத்து, அது பொருந்துகிறதா என்பதை அவர் கையாலேயே சோதிக்கவைத்து, அதன் பின்னரே வரையறையையும் கலைச்சொல்லையும் தருகின்ற வரிசைமுறையில்தான் எளிமை அடங்கியிருக்கிறது என்பதே இங்கு நிறுவ முற்படும் கருத்து. இன்றைய வகுப்பறைகளில் பெரும்பாலும் இவ்வரிசை தலைகீழாக நிகழ்கிறது: வரையறை முதலில் வருகிறது, எடுத்துக்காட்டு அதைத் தொடர்கிறது, செயல்பாடு பாடத்தின் இறுதியில் ஒரு கட்டத்துக்குள் அடைபட்டுக் கிடக்கிறது, அதைச் செய்து பார்க்கும் முன்னரே பாடவேளை முடிந்துவிடுகிறது.

சொல் இல்லை என்ற குறையைக் காட்டி இதற்குச் சமாதானம் கூற இயலாது. தொழிலால் வழக்கறிஞராக இருந்த பெ. நா. அப்புசுவாமி (1891–1986) தம் நெடிய வாழ்நாளில் அறிவியலைத் தெளிந்த தமிழில் எழுதிக் காட்டியிருக்கிறார், பெ. தூரன் பதிப்பாசிரியராக இருந்து உருவாக்கிய கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954-இல் வெளிவந்தது, அவரே குழந்தைகளுக்கென ஒரு கலைக்களஞ்சியத்தையும் உருவாக்கினார். 1980-இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் சிறுவர்க்கான அறிவியல் இதழாகத் துளிரை நடத்திவருகிறது. சொல் வளம் ஒருவாறு கைவசம் இருக்க, அச்சொல்லை எந்த இடத்தில் சொல்வது என்பதே எஞ்சி நிற்கும் சிக்கல்.

1. மாணவர் வெற்று மனத்துடன் வகுப்புக்கு வருவதில்லை

ஸ்டெல்லா வோஸ்னியாடு, வில்லியம் புரூவர் ஆகிய இருவரும் அமெரிக்கப் பள்ளிச் சிறுவர்களிடம் பூமியின் வடிவத்தைப் பற்றிக் கேட்டறிந்து 1992-இல் வெளியிட்ட ஆய்வு, கல்வியியலில் இன்றும் எடுத்துக்காட்டப்படுவது. பூமி உருண்டை என்று பெரும்பாலான சிறுவர்கள் சரியாகவே விடை கூறினர். ஆனால் மேலும் மேலும் கேட்டபோது, உட்குடைவான ஓர் உருண்டையின் உள்ளே தட்டையான தரை இருப்பதாகவும், அத்தரையில் மனிதர் வாழ்வதாகவும் சிலர் எண்ணியிருந்தது தெரியவந்தது. கண்ணால் கண்ட தட்டைத் தரையையும் ஆசிரியர் சொன்ன உருண்டையையும் விட்டுக்கொடுக்காமல் இணைத்து அவர்கள் தாமே படைத்துக்கொண்ட உலகம் அது. விடைத்தாளில் அவர்களுக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும்.

இப்போக்கு சிறுவர்க்கே உரியதும் அன்று. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று வெளியேறியவர்களிடம் கோடையும் குளிரும் ஏன் உண்டாகின்றன என்று கேட்டு 1987-இல் எடுக்கப்பட்ட ஓர் ஆவணப்படத்தில், பூமி சூரியனை நெருங்கும்போது கோடை வருகிறது என்றே பெரும்பாலோர் விடையளித்தனர். இவ்விடை தவறு என்பதைக் காட்ட உத்திரமேரூர் மாணவருக்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படாது. பூமி சூரியனுக்கு மிக அருகில், ஏறக்குறைய 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில், இருப்பது ஜனவரி முதல் வாரத்தில். அதாவது விடியற்பனியில் கோலம் போடுகின்ற மார்கழி மாதத்தில். மிகத் தொலைவில், 15.2 கோடி கிலோமீட்டரில், இருப்பது ஜூலை முதல் வாரத்தில். இவ்விரு செய்திகளையும் கரும்பலகையில் எழுதிவிட்டு ஆசிரியர் சற்று நேரம் பேசாதிருந்தால் போதும். வகுப்பில் எழும் சலசலப்பே பாடத்தின் தொடக்கமாக அமையும்.

அடுத்து வருவது நிழல். பள்ளி முற்றத்தில் ஒரு மீட்டர் உயரமுள்ள கோலைச் செங்குத்தாக நட்டு நண்பகல் நிழலை அளந்தால், டிசம்பர் 21-ஐ ஒட்டி அது வடக்கு நோக்கி ஏறக்குறைய 73 சென்டிமீட்டர் நீண்டிருக்கும். ஜூன் 21-ஐ ஒட்டியோ தெற்கு நோக்கி ஏறக்குறைய 19 சென்டிமீட்டர் மட்டுமே இருக்கும். நண்பகலில் சூரியன் என்றும் உச்சந்தலைக்கு மேலேயே நிற்கிறது என்ற எண்ணமும், நண்பகல் நிழல் என்றும் ஒரே திசையில் விழும் என்ற எண்ணமும் இவ்விரு அளவுகளால் ஒருங்கே கலைகின்றன. நிழல் நீளும் காலத்தில் கதிர் சாய்ந்து விழுவதால், அதே வெயில் கூடுதலான தரைப்பரப்பில் பரவுகிறது என்பதை இதன் பின் சொன்னால் அது விளக்கமாகப் பொருந்துகிறது. முன்னரே சொன்னால் மனப்பாடத்துக்குரிய இன்னொரு வரியாகிவிடுகிறது. கோயில் கட்டும் முன் சங்கு என்னும் கோலை நட்டு, காலை மாலை நிழல்களைக் கொண்டு கிழக்கு மேற்குத் திசையைக் கணித்த தச்சர் மரபு உள்ள நாட்டில், நிழலை அளப்பது புதுமையும் அன்று.

2. சோதனைக்குரிய பொருள் ஊரிலேயே இருக்கிறது

முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளால் உத்திரமேரூர் நாடறிந்தது. அவற்றில் பேசப்படும் வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று என்பதும், வயிரமேகத் தடாகம் என்று கல்வெட்டுகள் குறிக்கும் பேரேரி இவ்வூர்க்கு உயிராதாரமாக இருந்தது என்பதும் பலரும் அறிந்தவை. கல்வெட்டைக் காணப் பிற ஊர் மாணவர் பேருந்தில் வருகின்றனர். ஏரிக்கரையை அறிவியல் பாடத்துக்காகக் காண உள்ளூர் மாணவர் அழைத்துச் செல்லப்படுவதில்லை.

ஏரி நிரம்பியிருக்கும் தை மாதத்தில் மதகின் அடைப்பைச் சற்றே தூக்கினாலும் நீர் சீறிக்கொண்டு வெளியேறுகிறது; பங்குனியில் நீர்மட்டம் இறங்கிய பின் அதே அளவு தூக்கினால் வேகம் தளர்ந்துவிடுகிறது. இதை மதகைத் திறந்து மூடும் நீர்க்கட்டி அறிவார், அவர் பின்னே திரியும் சிறுவரும் அறிவர். காரணம் கேட்டால், ஏரியில் தண்ணீர் நிறைய இருக்கிறது, அதனால் வேகமாக வருகிறது என்பதே விடையாக வரக்கூடும். இவ்விடையில் உண்மையும் பிழையும் கலந்திருக்கின்றன. மதகின் வாயில் உள்ள அழுத்தத்தைத் தீர்மானிப்பது அதற்கு மேலே நிற்கும் நீரின் உயரமே; ஏரி நூறு ஏக்கராக இருந்தாலும் ஆயிரம் ஏக்கராக இருந்தாலும் ஆழம் ஒன்றாயின் அழுத்தமும் ஒன்றே. 4 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பின் மீதும் நீரால் மட்டும் ஏறக்குறைய 4 டன் எடைக்கு இணையான விசை செயல்படுகிறது. அகலமான அண்டாவிலும் குறுகலான குழாயிலும் ஒரே உயரத்துக்கு நீர் நிரப்பி, அடியில் ஒரே அளவான துளையிட்டுப் பார்க்கும் மாணவருக்கு, பரப்பையும் ஆழத்தையும் பிரித்துணர்வது எளிதாகிறது.

வகுப்பறையில் வழக்கமாகச் செய்யப்படும் பாட்டில் சோதனையைச் சற்று நிதானித்துக் காண்பது இவ்விடத்தில் பொருந்தும். பாட்டிலில் மேல், நடு, கீழ் என மூன்று துளைகளிட்டு நீர் நிரப்பினால் கீழ்த்துளை நீரே தொலைவில் போய் விழும் என்று எத்தனையோ பாடநூல்களில் படம் வரையப்பட்டுள்ளது. படத்தில் காட்டியபடி பாட்டிலைத் தரையிலோ மேசையிலோ வைத்துச் செய்து பார்த்தால் அவ்வாறு நிகழ்வதில்லை. 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிற்க, அடியிலிருந்து 7.5, 15, 22.5 சென்டிமீட்டர் உயரங்களில் துளைகள் இருப்பின், கணக்குப்படி நடுத்துளையின் நீர் 30 சென்டிமீட்டர் தொலைவிலும், மேல்துளை, கீழ்த்துளை ஆகிய இரண்டின் நீரும் ஒரே இடத்தில், ஏறக்குறைய 26 சென்டிமீட்டரிலும் விழும். கீழ்த்துளை நீர் மிகுந்த வேகத்தோடு வெளியேறினாலும் உடனே தரையைத் தொட்டுவிடுகிறது. மேல்துளை நீர் மெதுவாகக் கிளம்பினாலும் விழுவதற்குக் கூடுதல் நேரம் பெறுகிறது. அதே பாட்டிலை உயரமான முக்காலியின் விளிம்பில் வைத்தால், விழும் நேரங்களுக்கிடையே உள்ள வேறுபாடு சிறுத்துவிடுவதால், பாடநூல் சொன்னபடி கீழ்த்துளை நீரே முந்துகிறது. (துளையிடச் சூடேற்றிய கோணி ஊசி போதும்; மூன்றையும் நேர்கீழாக இடாமல் சற்றே விலக்கி இடவேண்டும், இல்லையேல் தாரைகள் ஒன்றையொன்று மோதிக் குழப்பும்; மட்டம் இறங்க இறங்க மேலிருந்து நீர் ஊற்றிக்கொண்டே இருக்கவும் வேண்டும்.)

பாடநூற்படம் பொய்த்ததே என்று ஆசிரியர் கலங்க வேண்டியதில்லை. வேகம் வேறு, தொலைவு வேறு என்ற பகுப்பு ஏழாம் வகுப்பு மாணவருக்கு இதைக் காட்டிலும் தெளிவாக வேறெங்கும் கிடைக்காது. செய்து பார்க்காமல் படத்தை மட்டும் வரைந்து மதிப்பெண் பெற்றவர், அழுத்தத்தைப் பற்றி அறிந்ததைவிட, அச்சிட்டது சரியாகவே இருக்கும் என்பதையே ஆழமாகக் கற்றிருப்பார்.

3. ஒரே பொருளில் நெடுநேரம் தங்குதல்

மைக்கேல் ஃபாரடே 1860–61 குளிர்காலத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இளையோருக்கு ஆற்றிய ஆறு சொற்பொழிவுகளும் ஒரே ஒரு மெழுகுவத்தியைப் பற்றியவை. எரிதல், காற்று, நீர், மூச்சு எனப் பெரும்பகுதி வேதியியல் அவ்வொரு பொருளிலிருந்தே விரிந்தது. அத்தகைய பொருள் ஒன்றை இவ்வட்டாரத்தில் தேடினால் கிணற்று மோட்டாரையே கூறவேண்டும்.

மோட்டார் தண்ணீரை இழுக்கிறது என்பது பெரியோர் சிறியோர் எல்லோரிடமும் உள்ள விளக்கம். இழுப்பதே உண்மையாயின், கூடுதல் குதிரைத்திறன் கொண்ட மோட்டாரைக் கரையில் வைத்து எவ்வளவு ஆழத்திலிருந்தும் நீரை இழுத்துவிடலாம். ஆனால் கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது விவசாயிகள் மோட்டாரையே கிணற்றுக்குள் இறக்கி, உட்சுவரில் அமைத்த மேடைமேல் வைக்கின்றனர். ஏன் இறக்க வேண்டும் என்ற வினாவை மாணவர் முன் வைத்தால், மோட்டார் பழசு, குழாய் நீளம் போதவில்லை எனப் பல காரணங்கள் வரும். ஒவ்வொன்றையும் கரும்பலகையில் எழுதிக்கொள்ள வேண்டும், உடனே மறுக்கக்கூடாது.

பிறகு ஒரு பாட்டிலில் விளிம்புவரை நீர் நிரப்பி, மூடியில் உறிஞ்சுகுழல் செல்லும் அளவு துளையிட்டு, குழலைச் சுற்றி இடைவெளி இல்லாதபடி மெழுகால் அடைத்து, ஒரு மாணவரை உறிஞ்சச் சொன்னால், அவர் கன்னம் ஒட்டும்வரை இழுத்தும் நீர் ஏறுவதில்லை. மூடியில் மற்றொரு சிறு துளை இட்டவுடன் ஏறுகிறது. உள்ளே புகும் காற்றே நீர்ப்பரப்பை அழுத்திக் குழல் வழியே மேலேற்றுகிறது என்பதும், வாய் செய்வதெல்லாம் குழலினுள் அழுத்தத்தைக் குறைப்பது மட்டுமே என்பதும் இங்கு வெளிப்படுகின்றன. வளிமண்டலத்தின் அழுத்தம் ஏறக்குறைய 10.3 மீட்டர், அதாவது 34 அடி, நீரைத்தான் தாங்கவல்லது. அதற்கு மேல் எத்தனை குதிரைத்திறனாலும் உறிஞ்ச முடியாது. நடைமுறையில் கசிவும் உராய்வும் சேர்ந்து இவ்வெல்லையை ஏறக்குறைய 25 அடியாகக் குறைத்துவிடுகின்றன. சுரங்கங்களிலும் கிணறுகளிலும் உறிஞ்சு எக்கிகள் இவ்வெல்லைக்கு மேல் ஏற்றாமல் நின்றதைக் கலிலியோ வியந்து எழுதியதும், அவர் மாணவர் டாரிசெல்லி 1644-ஐ ஒட்டிப் பாதரசக் குழாய் கொண்டு காரணத்தைக் காற்றின் எடையில் கண்டதும் இதே வினாவின் வரலாறு. ஆழ்துளைக் கிணற்றில் நீர்மூழ்கி மோட்டார் நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் வேலை செய்வது, அது நீரைக் கீழிருந்து மேலே தள்ளுவதால். மோட்டாரை ஓட்டும் முன் அதில் நீர் ஊற்றுவதும், குழாயின் அடியில் ஃபுட்வால்வு பொருத்துவதும் ஏன் என்பதை இதன் பின் மாணவரே வீட்டில் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.

4. உவமை எங்கே நின்றுவிடும் என்பதையும் சொல்லவேண்டும்

மின்னோட்டத்தை விளக்க நீரோட்டத்தை உவமையாகக் கூறுவது உலகெங்கும் உள்ள வழக்கம். பாசன வாய்க்காலுள்ள ஊரில் இவ்வுவமை எதிர்பாராத தொல்லை தரக்கூடும். தலைமடை வயலுக்கு மிகுதியாகவும் கடைமடை வயலுக்குக் குறைவாகவும் நீர் கிடைப்பதைக் கண்டு வளர்ந்த மாணவர், தொடராக இணைத்த இரு பல்புகளில் முதற்பல்பு மின்னோட்டத்தின் ஒரு பகுதியைத் தின்றுவிட்டு எஞ்சியதையே இரண்டாவதற்கு அனுப்புகிறது என்று எண்ண இடமுண்டு. மின்னோட்டம் வழியில் செலவாகிறது என்னும் இவ்வெண்ணம் பல நாட்டு மாணவரிடமும் ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. ஒரே வகையான இரு டார்ச் பல்புகளைத் தொடராக இணைத்து இரண்டும் ஒரே ஒளியுடன் எரிவதையும், இடம் மாற்றினாலும் அவ்வாறே எரிவதையும் காட்டி, சுற்று முழுவதும் மின்னோட்டம் ஒன்றே, மாற்றப்படுவது ஆற்றலே என்று சொல்வது முறை. வாய்க்கால் உடைந்தால் நீர் வெளியே கொட்டும், கம்பி அறுந்தால் மின்னோட்டம் நின்றுவிடும் என்ற வேறுபாட்டையும் சேர்த்துக் கூறிவிட்டால் உவமைக்கு எல்லை வகுக்கப்பட்டதாகும். (இச்சோதனைகள் யாவும் மின்கல அடுக்கில் மட்டும் செய்யத்தக்கவை, வீட்டு மின்சாரத்தில் கைவைக்கக் கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லியே தீரவேண்டும்.)

5. விட்டுவிடலாம், திரித்துவிடக் கூடாது

இளைய மாணவருக்கு எல்லாவற்றையும் சொல்ல இயலாது. சிலவற்றை விட்டே ஆகவேண்டும். ஆறாம் வகுப்பில் சொன்னதோடு பதினொன்றாம் வகுப்பில் கூடுதலாகச் சேர்க்கும் நிலை வரலாம், முன்னர்ச் சொன்னதை அழித்தெழுதும் நிலை வரலாகாது என்பதே அளவுகோல். ஏரிக்கரை அடியில் அகன்றிருப்பதற்கு ஆழத்தோடு கூடும் அழுத்தம் ஒரு காரணம். மண் சரியாமல் நிற்கும் சாய்வும், கரையினூடே நிகழும் நீர்க்கசிவும் வேறு காரணங்கள். சிறுவரிடம் முதற்காரணத்தை மட்டும் சொல்லலாம், ஆனால் அதுவே காரணம் என்று சொல்லாமல், அதுவும் ஒரு காரணம் என்று சொல்லவேண்டும்.

மரம் பகலில் ஆக்சிஜனை விடுகிறது, இரவில் கரியமில வாயுவை விடுகிறது என்னும் சூத்திரம் திரிபுக்குத் தக்க சான்று. தாவரம் இரவும் பகலும் சுவாசிக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கை அதை மிஞ்சி நிற்பதால் சுவாசம் மறைந்து காணப்படுகிறது. இதை விட்டுவிட்ட சூத்திரத்திலிருந்து, இரவில் புளியமரத்தடியில் படுத்தால் கரியமில வாயுவால் மூச்சடைக்கும், முன்னோர் அதையே பேய் என்றனர் என்ற மேடைப்பேச்சு கிளைத்திருக்கிறது. திறந்த வெளியில் இலைகள் விடும் வாயுவைக் காற்றோட்டம் உடனுக்குடன் கலைத்துவிடும். பேயை ஓட்டுவதற்காகப் பொய்யான அறிவியலைக் குடியேற்றுவதைவிட, பேய்க்குச் சான்றில்லை என்று சொல்வதே நேர்மை.

அதே ஒளிச்சேர்க்கைப் பாடத்தைத் தொடங்குவதற்கு நெல் வயலைவிட உகந்த இடமில்லை. வைக்கோற்போரின் எடை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மண்ணிலிருந்தும் உரத்திலிருந்தும் என்பதே விடையாக வரும். பதினேழாம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்பவர் 200 பவுண்டு மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, 5 ஆண்டுகள் நீர் மட்டும் ஊற்றி, மரம் 169 பவுண்டுக்கு மேல் வளர்ந்தபோது மண்ணில் குறைந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ் மட்டுமே என்று கண்டார். எனினும், எடை முழுதும் நீரிலிருந்தே வந்தது என்று முடிவுசெய்து தாமும் தவறினார். காற்றில் உள்ள கரியமில வாயுவின் பங்கும் ஒளியின் பங்கும் அறியப்பட மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. உலர்ந்த வைக்கோலை நிறுத்து, எரித்து, எஞ்சிய சாம்பலை நிறுத்துப் பார்த்தால் அது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் இருக்கும். மண் தந்தது பெரும்பாலும் அதுவே. மற்றவை காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வந்து, மீண்டும் காற்றுக்கே போயின.

6. முட்டுக்கட்டை

இவ்வாறு கற்பிக்க நேரம் ஏது என்ற வினா நியாயமானது. மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், செய்து கற்றலையே பாடமாக்கி, தேர்வையும் அதற்கேற்ப மாற்றி, பின்னர் ஏகலவ்யா நிறுவனத்தின் முயற்சியால் பல மாவட்டங்களுக்கும் பரவி 30 ஆண்டுகள் நடந்தது. 2002-இல் அரசு அதை நிறுத்தியது. தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 28 அன்று தொடங்கிவைக்கப்பட்ட வானவில் மன்றம் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குச் சோதனைகளைப் பள்ளிக்கே கொண்டுவருகிறது. வரவேற்கத்தக்க இம்முயற்சியில் ஓர் ஆபத்தும் உண்டு: என்ன நிகழும் என்று மாணவர் முன்கூட்டிச் சொல்லாமல் பார்க்கும் சோதனை வேடிக்கையாக முடிந்துவிடும். கருவி வருவதற்கு முன்பே ஊகத்தை எழுதி வாங்குவதற்குப் பணம் வேண்டாம், பத்து நிமிடம் வேண்டும். தேர்வு வரையறையை மட்டுமே கேட்கும் வரை அப்பத்து நிமிடத்தை ஒதுக்க ஆசிரியர் தயங்குவார் என்பதும் உண்மை. வினாத்தாளில் ஒரே ஒரு வினாவாவது மாணவர் முன்பின் கண்டிராத நிகழ்ச்சிக்குக் காரணம் கேட்பதாக அமையவேண்டும். காலாண்டுத் தேர்வுக்கு முன் பள்ளி அளவில் நடக்கும் சிறு தேர்வுகளில் இதைச் செய்ய எவர் அனுமதியும் தேவையில்லை.

அவையோருக்கு ஒரு வேண்டுகோள். உத்திரமேரூரில் சூரியன் நண்பகலில் சரியாக உச்சிக்கு மேலே வரும் நாள்கள் ஆண்டுக்கு இரண்டு: ஏப்ரல் 23-ஐ ஒட்டி ஒன்று, ஆகஸ்ட் 20-ஐ ஒட்டி மற்றொன்று. ஏப்ரலில் தேர்வும் விடுமுறையும் குறுக்கிடும். ஆகஸ்டில் பள்ளி நடக்கும். அன்று நண்பகல் 12 மணி 14 நிமிடத்தை ஒட்டி, நட்ட கோலுக்கு நிழல் இராது. வானம் மேகத்தால் மூடியிருந்தால், ஒரு மீட்டர்க் கோலின் நண்பகல் நிழல் நாளொன்றுக்கு அரை சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலாக மாறுவதை முன்னும் பின்னும் சில நாள் அளந்து, அந்நாளைக் கணக்கிட்டுக் கொள்ளலாம். வட்டத்தின் ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியும் வரும் ஆகஸ்டில் இதைச் செய்து, மாணவர் எழுதிய ஊகங்களையும் அளந்த எண்களையும் ஒரு குறிப்பேட்டில் பதிந்து, அடுத்த ஆண்டு வரும் மாணவர் கையில் அதைக் கொடுக்கவேண்டும்.